அருவியில் குளித்த பந்து

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு தோல் பந்து கிடக்கிறது. காற்று போய், வார் இற்று, ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடக்கும் பந்து. அதைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் கேட்பதாயில்லை.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தென்காசியில் எங்கள் பள்ளிக்குக் கூடைப்பந்து வந்தது. சென்னையில் கற்றுக்கொண்டு வந்த டிரில் மாஸ்டர் இரண்டு பனங்கட்டைகளை நட்டு, கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு வளையங்களை மாட்டினார். முதல் வருஷம் அணியில் அதிகம் போட்டவன் நான்தான். அந்தப் பெருமை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை, வெட்கங்கெட்ட பெருமை. அடுத்த வருஷம் என் மச்சான் அணிக்கு வந்தான். தாய்மாமன் மகன், என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். மாமா சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுமந்தார். லீவு நாளில் அவனும் கூடப் போய்ச் சுமப்பான்.

சாரல் சமயத்தில் குற்றாலத்து பங்களாக்களில் வந்து தங்கும் பெரிய மனிதர்களுக்காக மாஸ்டர் அங்கே ஆட்டம் வைப்பார். அந்த ஆடியில் தூறல் விடவே இல்லை. பந்து ஊறிக் கனத்தது. நாங்கள் எறிந்ததெல்லாம் வளையத்தைத் தொடாமலே விழுந்தது. மச்சான் மட்டும் பரணில் கூடையை வைக்கிறவன் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் போட்டான். ஐந்து ஆட்டம், ஐந்திலும் ஜெயித்தோம். குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் மாஸ்டரிடம், "பையன் ஒரு சாரலோடு போயிடுவானா, நிலைப்பானான்னு பார்க்கணும்" என்றார். புரட்டாசியில் திருநெல்வேலிப் பந்தயத்திலும் இப்படி ஆடினால் காலேஜில் இடமும் விடுதிச் சாப்பாடும் தன் பொறுப்பு என்றார். அன்று வீடு திரும்பும்போது மச்சான் காளவாசலைத் தாண்டுகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆவணியில் சாரல் நின்றது. மூன்றே நாளில் அவன் ஆட்டம் போயிற்று. போட்டதெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பறந்தது. அத்தை மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். "கண்ணு பட்டுட்டு. அருவித் தண்ணி படுத வரைக்கும் பந்தத் தொடப்பிடாதுலே" என்றாள். எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு அணியோடு குற்றாலத்துக்கு நடந்து, பந்துக்கு எண்ணெய் தேய்த்து, விபூதி பூசி, மெலிந்து விழுந்த அருவிக்கடியில் வைத்துக் குளிப்பாட்டினோம். சிரித்துக்கொண்டேதான் செய்தோம், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்தோம். அன்று சாயங்காலம் பத்துக்கு எட்டு போட்டான். மாஸ்டரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து குடத்தில் அருவித் தண்ணீர் வந்தது. தினமும் பந்துக்கு அபிஷேகம் செய்துவிட்டுத்தான் ஆட்டம்.

இரண்டாம் நாள் பந்து உருண்டு என்னிடம் வந்தது. எடுத்தேன், சாரலில் கனத்த மாதிரியே கனத்தது. கையில் வாங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணுமில்லை, அருவியுமில்லை. கல் சுமந்த கை, கனத்த பந்துக்குப் பழகிய கை. மிச்சமிருந்த எட்டு நாளும் காய்ந்த பந்தில் பழகினால் சரியாகிவிடும். சொல்லியிருக்கலாம். அவன் வந்த பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அப்போது என் மனசில் இருந்தது. பந்தை அவனிடம் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

திருநெல்வேலியில் பந்தயம் நடத்தியவர்கள் கொடுத்த பந்து, காய்ந்த பந்து. மாஸ்டர் கொண்டுபோன அருவித் தண்ணீர்ப் புட்டியை நடுவர் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். மச்சான் ஒன்பது தடவை எறிந்தான், ஒன்றும் விழவில்லை. பிறகு அவன் எறியவே இல்லை, பந்து வந்ததும் என்னிடம் கொடுத்தான். நான் போட்டேன். கூட்டம் கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு, எந்த வகுப்பில் படிக்கிறேன் என்று கேட்டார்.

நான் காலேஜ் போனேன், உத்தியோகமும் கிடைத்தது. அவன் காளவாசலுக்குப் போனான். யுத்தம் முடிகிற சமயம் பார்க்கப் போனபோது சுண்ணாம்புத் தூசி அவன் நெஞ்சைத் தின்றிருந்தது. மாஸ்டர் அவனுக்குக் கொடுத்திருந்த பழைய பந்தை எடுத்து என் மடியில் வைத்தான்.

"மாப்ள, அன்னைக்குப் பந்து லேசா இருந்துச்சு, அவ்வளவுதான். கல்லு சுமக்கையில ஒரு நாள் தோணிச்சு. படிச்ச பய, நீயாவது கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாலே?"

"எனக்கும் அப்போ தோணலையே மச்சான்" என்றேன்.

"ரெண்டு பேருமே மடப்பயலுவ" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரமாயிற்று. தை பிறக்கவில்லை, போய்விட்டான்.

இன்று மேற்கே மலை மூடிவிட்டது, சாரல் ஆரம்பம். வருஷாவருஷம் இந்த நாளில் பந்தை இறக்கிப் பார்ப்பேன். தோலில் ஈரம் ஏறியிருக்கும். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்துவிடும், அன்று தெரிந்த மாதிரியே.