வாப்பா முகத்துவாரம் வெட்டிய நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு பெக்கோ நின்றது. மண் தோண்டுகிற அந்த மஞ்சள் இயந்திரத்தைக் கல்முனைப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கத்தாரில் பதினொரு வருடம் மற்றவர்களின் இயந்திரங்களை ஓட்டிவிட்டு வந்து, வாப்பா தனக்கென்று வாங்கியது அது. புதியதல்ல. முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அதை வாங்கும்போது உம்மாவின் கையிலும் கழுத்திலும் கிடந்ததெல்லாம் போயிருந்தது. உம்மா அதற்காக வருந்தியதை நான் பார்த்ததில்லை. "என்ட தங்கமெல்லாம் மஞ்சளா வளவுக்குள்ள நிக்கி" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்தத் தொழிலுக்கு வாப்பாதான் முதலாளி, அவர்தான் சாரதி, அவர்தான் கூலியாள். காரைதீவில் கிணறு, பாண்டிருப்பில் வீட்டு அத்திவாரம், இறக்காமத்தில் யானை வராமல் அகழி என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊர். வேலை கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு உம்மா பதில் சொல்வார். யாருக்கு எந்தக் கிழமை என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. எண்ணெய்க் குழாய் வெடித்த நாட்களில் வாப்பா பெக்கோவின் கீழே மல்லாந்து படுத்திருப்பார். உம்மா குந்தியிருந்து திருகுசாவிகளை எடுத்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா அதைக் கழுவுவார். மண் அள்ளும் வாளியின் பற்களுக்கு இடையில் இறுகிய களிமண்ணை ஒரு கம்பியால் அவ்வளவு பொறுமையாகக் கிண்டி எடுப்பார். பள்ளிக்கூடத்தில் என்னை 'பெக்கோட மகள்' என்றார்கள். அது கேலிப் பட்டம் என்று எனக்குத் தெரியாது, பதவி என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மாரி விடாமல் பெய்தது. வயல்களில் இருந்து வழிந்த தண்ணீரெல்லாம் ஆற்றில் சேர்ந்தது. ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தைக் கடல் மணல் மேடு கட்டி அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறியது. நட்டு ஒன்றரை மாதமான பயிர் மூன்று நாட்களாக மூழ்கிக் கிடந்தது. அந்த மேட்டை வெட்டிவிட வேண்டும். அரசாங்கத்தின் பெரிய இயந்திரம் வேறெங்கோ வேலையில் இருந்தது. நாளை மறுநாள் வரும் என்றார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேர் மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிள்களில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் வயல்காரர்களுக்குத் தலைவரான வட்டவிதானை. இன்னொருவர் அவரோடு வந்தவர். மூன்றாமவர் என் மாமா, உம்மா 'காக்கா' என்று கூப்பிடும் மூத்த சகோதரர். மாமாவின் வயலும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தது.

"மச்சான், நாளைக்கும் கிடந்தா அழுகிப் போயிரும்" என்றார் மாமா. "நாங்க ஆருக்கிட்டப் போற?"

"அது கடல் மண். எந்தப் பக்கத்தால இளகும் எண்டு சொல்லேலா. சங்கிலி பூட்டின பெரிய மிசின்தான் அதுக்குச் சரி. என்ட டயர் புதைஞ்சா எடுக்கேலா" என்று வாப்பா மெதுவாகச் சொன்னார்.

"பொறுப்பு நாங்க" என்றார் வட்டவிதானை. "நீர்ப்பாசன அதிகாரியோட கதைச்சாச்சி. ஓம் எண்டிட்டார்."

வாப்பா கதவுத் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் உம்மா நின்றார். பிறகு வாப்பா சட்டைப் பையைத் தடவினார், இடுப்புச் சாரத்தின் மடிப்பைத் தடவினார்.

"பெக்கோட சாவியையும் காணல்ல மச்சான். விடியக் காலத்தால இருந்து தேடுறன்."

"ஓம் காக்கா, ஊடெல்லாம் தேடியாச்சி" என்றார் உம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாவி உம்மாவின் தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் இருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உம்மாவே அதை அங்கே போட்டதைக் கண்டிருந்தேன். மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தொலைந்ததை எடுத்துக் கொடுப்பவள் நான்தான். வாப்பாவின் எழுதும் பேனை, உம்மாவின் ஊசி என்று எதைக் கண்டெடுத்தாலும் பாராட்டுக் கிடைக்கும். ஓடிப்போய் எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் நின்று நீட்டினேன்.

"வாப்பா, இந்தா சாவி!"

மாமா தரையைப் பார்த்தார். என் மாமா விவரம் தெரியாதவர் அல்ல. சொந்த மச்சானிடம் 'ஏலாது' என்று சொல்ல முடியாத ஒரு மனிதர் சொல்லத் தெரிந்துகொண்ட ஒரே பொய் அது என்று அவருக்கு அந்த நிமிடத்திலேயே விளங்கியிருக்கும். ஆனாலும் அவருடைய பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. "மாஷா அல்லாஹ், கெட்டிக்காரப் புள்ள" என்றார்.

வாப்பா குனிந்து என் கையில் இருந்து சாவியை எடுத்தார். என் தலையைத் தடவினார். பிறகு மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். உம்மா திரைக்கு முன்னால் வரவேயில்லை.

வேடிக்கை பார்க்க நானும் வருவேன் என்று அடம்பிடித்து மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். முகத்துவாரத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஒரு பக்கம் சாம்பல் நிறக் கடல், மறுபக்கம் பழுப்பு நிற ஆறு, நடுவில் மணல் மேடு. ஆறு கடலைவிட உயரமாக நின்றதை அன்றுதான் பார்த்தேன். அதற்குள் பயிர்த் துண்டுகளும் யாரோ ஒருவரின் கோழிக்கூடும் மிதந்தன.

வாப்பா கடல் பக்கத்தில் இருந்து வெட்டத் தொடங்கி, ஆற்றை நோக்கிப் பின்வாங்கி வந்தார். ஆற்றோரமாக ஓர் அணை போல மணலை விட்டுவைத்தார். கடைசியில் அதை ஒரே இழுப்பில் உடைத்துவிட்டு ஒதுங்க வேண்டும், அதுதான் முறை. இரண்டு மணி நேரம் அப்படியே நடந்தது. இன்னும் பத்து வாளி மண் இருக்கும்போது ஆறு காத்திருக்கவில்லை. அந்த மணல் அணை தானாகவே உடைந்தது.

தண்ணீர் பாய்ந்ததும் கூட்டம் முழுவதும் தக்பீர் முழங்கியது. "அல்லாஹு அக்பர்!" நானும் கத்தினேன். கை தட்டினேன். வெட்டிய வாய்க்கால் கண் முன்னாலேயே அகலமானது. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக விழுந்தது. அப்போது பெக்கோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டுவதற்காக வாப்பா அதைச் சாய்க்கிறார் என்று நினைத்து நான் இன்னும் பலமாகக் கை தட்டினேன்.

வாப்பா வாளியை மணலில் ஊன்றி இயந்திரத்தைத் தள்ளிப் பார்த்தார். ஊன்றிய இடமும் இளகியது. "வெளிய பாயுங்க மச்சான்! பாயுங்க!" என்று மாமா கத்தினார். வாப்பா பாயவில்லை. இயக்கும் கம்பிகளைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். கடைசியில் மாமாதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார். அவர்கள் கரையில் விழுந்தபோது பெக்கோ பக்கவாட்டில் படுத்து, தண்ணீரோடு கடலை நோக்கி நகரத் தொடங்கியது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாய்க்குள் தண்ணீர் போகும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

தூரத்தில் நின்றவர்களுக்கு இது தெரியவில்லை. அவர்கள் இன்னும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் உண்மையாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் இரண்டு உழவு இயந்திரங்களைக் கொண்டுவந்து கம்பி வடம் கட்டி இழுத்தார்கள். வடம் அறுந்தது. அதற்கு மறுநாள் வந்து சேர்ந்த அரசாங்கத்தின் பெரிய இயந்திரத்தின் சாரதி தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் குடித்ததை எடுத்தும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். வாப்பா நட்டஈடு கேட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் பல தடவை போனார். வெட்டச் சொல்லி எழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார்கள். ஓம் என்று வாயால் சொன்னதாகச் சொல்லப்பட்ட அதிகாரி, சொன்ன ஞாபகம் இல்லை என்றார். பொறுப்பு நாங்கள் என்ற வட்டவிதானை நல்ல மனிதர்தான். அவர் வாப்பாவுடன் இரண்டு தடவை அந்த அலுவலகப் படியேறினார். மூன்றாவது தடவை அவருக்கு வயலில் வேலை வந்துவிட்டது.

வீட்டில் தொலைபேசி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரியாதவர்கள் கிணறு வெட்டக் கேட்டார்கள். உம்மா எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் எடுத்தேன். "பெக்கோ கடலுக்குள்ள இரிக்கி" என்றேன். மறுமுனையில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாப்பா ஒவ்வொரு நாளும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போவார். முதலில் பெக்கோவின் தூக்கிய கை தெரிந்தது. பிறகு வாளியின் நுனி மட்டும். மழை விட்டதும் கடல் தன் வழக்கப்படி மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மறுபடி மூடியது. அதற்கு மேலே ஆட்கள் நடந்து போனார்கள், சின்னப் பிள்ளைகள் பந்தடித்தார்கள். ஒருதரம் வாப்பா என்னையும் கூட்டிப்போனார். மணலில் ஓர் இடத்தில் நின்று, "இதுக்குக் கீழதான் மகள்" என்றார்.

"தோண்டி எடுங்களன் வாப்பா" என்றேன்.

தோண்டுவதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் என்ன நடந்தது என்று அப்போதே விளங்கியிருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு, எனக்குக் கல்யாணமான பின்னர், ஒருநாள் நானாகவே அந்தப் பேச்சை எடுத்தேன். "நீ குழந்தைப் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. அறுவடை முடிந்து சில நாட்களில் வாப்பாவுக்குக் கத்தார் விசா வந்தது, பழையபடி இன்னொருவரின் இயந்திரத்தை ஓட்ட. அவர் புறப்படுவதற்கு முதல் நாள் மாமா புது அரிசி மூட்டைகள் இரண்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது மூன்று மாதமாகியிருந்தது. மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் வளவுக்குள்ளேயே நின்றார். பெக்கோ நின்ற இடத்தில் புல் முளைத்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்தார்.

"உள்ள வாங்க மச்சான்" என்று வாப்பாதான் கூப்பிட்டார்.

உம்மா அந்த அரிசியில் சோறாக்கினார். கூடவே மீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும். பாயில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். புது அரிசியின் மணம் அறை முழுக்க இருந்தது. வாப்பா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்து நெடுநேரம் மென்றார்.

"நல்ல அரிசி மச்சான்" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய விரல்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தன, வாய்க்குப் போகவில்லை. உம்மா எனக்குப் பரிமாறிவிட்டுத் தனக்குப் போடவில்லை. எனக்கு நல்ல பசி. என் சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டேன். உம்மா எழும்புவதற்குள் வாப்பா தன் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தின்னு மகள்" என்றார்.

பெரியவர்களுக்குப் பசியில்லை, எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்து, அதையும் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன்.