இருட்டைத் தைக்கிறவர்

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறார் அக்கா. முழங்கால்மேல் இரண்டு கைகள். வாயில் நான்கு குண்டூசிகள். கால் மணி நேரம் அசையமாட்டார். "கண்ணு இருட்டுக்குப் பழகணும். பழகுறதுக்கு முன்னாடி பாத்தா எல்லாத் துணியும் நல்ல துணிதான்" என்பது அவர் கட்சி.

துறைமுகத்துக்கு வந்துபோகும் உல்லாசக் கப்பல்களின் அறைகளுக்குத் திரை தைப்பது அவருடைய தொழில். விடியும்வரை ஆடிப் பாடிவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்குச் சொட்டு வெளிச்சமும் ஆகாது. அதனால் முன்னும் பின்னும் துணி, நடுவே கறுப்பு உள்துணி. மாட்டி முடித்ததும் அறையை இருட்டாக்கி உட்காருவார். தையல் விட்ட இடம் இருந்தால் வெளிச்சம் அதன் வழியே புகுந்து எதிரில் உள்ள அலமாரிக் கதவில் பொட்டாக விழும். பொட்டு விழுந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு குறி. பிறகு ஓட்டையைத் தேடிப் பிடித்து ஒரு தையல். திரும்பி வந்து பொட்டு அழிந்ததா என்று பார்ப்பது. "வெளிச்சம் திருட்டுப் பய. ஊசி நுழையுற எடம் போதும், குடும்பத்தோட வந்து உக்காந்துக்குவான்." கப்பல்காரர்கள் அவருக்கு இருட்டக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் அளவு நாடா தொங்கும். ஆனால் அளப்பது சாணால்தான். நாடா, பார்க்கிறவர்களின் மன நிம்மதிக்கு. கோணல் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தால், கேட்காமலே நிமிர்த்திவிடுவார். ஒருமுறை வங்கி மேலாளரின் சட்டைப் பொத்தானை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எட்டிச் சரிசெய்திருக்கிறார். அவர் திகைத்துப் போக, "கோணலா இருந்தா எனக்குப் பல்லு கூசும் சார்" என்றாராம்.

வீடு, மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. தையல் இயந்திரமும் துணிச் சுருள்களும் போக மிஞ்சிய இடத்தில் அக்காவும் அவருடைய தம்பியும் இருக்கிறார்கள். தம்பி பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள், பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை நடத்துநர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். விபத்து இல்லை, சண்டை இல்லை. "போதும்னு தோணுச்சு" என்றார், அவ்வளவுதான். அன்று ஏறிய படியில் அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். "மெதுவா வெளிய அனுப்பிப் பாருங்கம்மா" என்றும் சொன்னார். மாத்திரையை மட்டும் அக்கா தவறாமல் கொடுத்துவந்தார்.

தைத்த திரைகளுக்கு இஸ்திரி போடுவது தம்பியின் வேலை. கருகாமல், கோடு விழாமல் போடுவார். மற்றதெல்லாம் அக்காவின் பொறுப்பு. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வார். "யார் தட்டினாலும் தொறக்காதே. அடுப்புப் பக்கம் போகாதே. போன் அடிச்சா எடுக்காதே, நான் வந்து பாத்துக்கறேன்." தம்பி இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை தூக்காமல், "மூச்சு விடலாமா?" என்பார். "அளவா விடு" என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்குவார் அக்கா. ஆறு வருடத்தில் ஒரு ராத்திரிகூட அவர் வெளியில் தங்கியதில்லை.

அந்த வழக்கம் போன மாதம் உடைந்தது. வெள்ளை நிறப் பெரிய கப்பல் ஒன்று மாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டியது. காற்று வலுக்கும் என்று எச்சரிக்கை வந்ததால் இரண்டு மணிக்கே கிளம்ப முடிவாயிற்று. ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்தார்கள். அக்கா இருந்த கீழ்த்தள அறையிலும் ஓர் ஒலிபெருக்கி உண்டு. அதில் மிளகளவு பச்சை விளக்கு ஒன்று எரியும். வெளிச்சம் எந்த நிறத்தில் வந்தாலும் அக்காவுக்குப் பகைதான். வெட்டுத்துணியைப் பந்தாகச் சுருட்டி, விளக்கோடு சேர்த்து ஒலிபெருக்கியின் வாயையும் அடைத்திருந்தார். கப்பலில் ஏறி இறங்கும் பாலத்தின் காவலாளிக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஏறுகிறவர்களிடம் டோக்கன் வாங்கி வைத்து, இறங்கும்போது திருப்பித் தருவது அவர் வேலை. "இத்தனை வருஷமா வர்ற அக்காவுக்கு என்ன டோக்கன்?" என்று அவரிடம் மட்டும் வாங்குவதில்லை.

இருட்டில் உட்கார்ந்திருந்த அக்கா அலமாரிக் கதவில் ஒரு பொட்டைக் கண்டார். குறி போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்துத் திரும்பினால், பொட்டு குறிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இன்னொரு ஓட்டை என்று நினைத்து இன்னொரு குறி போட்டார். அடுத்த முறை திரும்பியபோது பொட்டு கதவின் ஓரத்துக்கே போயிருந்தது. "ஒரு முழத்துக்கு மூணு ஓட்டையா? இருக்குடா துணிக்கடைக்காரா உனக்கு" என்று திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். கிரேன்கள் நிற்க வேண்டிய இடத்தில் கடல் நின்றது. ஓட்டை ஒன்றுதான். திரும்பியது கப்பல்.

அறைகளின் மேற்பார்வையாளர் படியில் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா! நீங்க இன்னும் எறங்கலையா?"

"எறங்குறதுக்குத் தரை எங்க இருக்கு? திருப்பச் சொல்லுங்க தம்பி."

"இது என்ன ஆட்டோவா அக்கா, ஒடிச்சுத் திருப்ப? வழிகாட்டிப் படகும் திரும்பிப் போயிடுச்சு. மூணு ராத்திரி. நாலாம் நாள் காலைல இதே துறைமுகம். உங்க அறை எப்படியும் காலிதான், திரை இல்லாததால யாருக்கும் குடுக்கல. ராஜா வீட்டுச் சாப்பாடு. டிக்கெட் இல்லாம இப்படி வர யாருக்குக் கொடுத்து வச்சிருக்கு?"

"வீட்டுல என் தம்பி தனியா இருக்கான்."

"அய்யோ. சின்னப் பையனா?"

"நாப்பத்திநாலு வயசு."

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. கப்பலின் தொலைபேசி இருந்த அறைக்கு அவரை அழைத்துப் போனார்.

மணி அடித்தது; அடித்துக்கொண்டே இருந்தது. அன்று பதினொரு முறை கூப்பிட்டார். தம்பி எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதானே. கீழ்வீட்டு டீச்சர் வீட்டிலும் மணி அடித்து ஓய்ந்தது. அன்றிரவு ராஜா வீட்டுச் சாப்பாட்டை மூடியே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஐந்தாவது முயற்சியில் அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"யாரு?"

"நான்தான்டா."

"எங்க இருக்கே?"

"கடல்ல."

தம்பி சற்று யோசித்தார். "அப்போ மத்தியானம் சாப்பாட்டுக்கு வரமாட்டே."

"நாளன்னிக்குக் காலைலதான்டா வருவேன். தெரியாம கப்பல் கிளம்பிடுச்சு. நீ பயப்படாதே. ரொட்டி இருக்கா?"

"நேத்தே முடிஞ்சுது. முட்டையும் இல்ல."

"டீச்சரை..."

"அவங்க ஊர்ல இல்ல. கதவு பூட்டியிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எட்டிப் பாத்தேன்."

"கதவைத் தொறந்தியா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "வேணாம்டா. உள்ளேயே இரு. தண்ணி குடிச்சுக்கிட்டுப் படு. ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாள் தண்ணியா?" என்று கேட்டார் தம்பி. அவர் வைத்தாரா, தொடர்பு அறுந்ததா, தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

கை சும்மா இருந்தால் மனம் படியில் தடுமாறி விழுகிற தம்பியையே காட்டிற்று. ஆகவே அக்கா அந்த அறையின் திரையை முடித்தார். பக்கத்து அறைகளின் திரைகளையும் இறக்கிப் பிரித்துத் தைத்தார். உணவுக்கூடத்து மேசை விரிப்புகள்கூடத் தப்பவில்லை. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போய் அவரை மேல்தளத்தில் நிறுத்தினார். வெயிலில் வரிசையாகப் படுத்திருந்த பயணிகளை அக்கா சற்று நேரம் பார்த்தார்.

"இவங்கதான் நம்ம திரைக்குள்ள தூங்குறவங்களா?"

"ஆமாக்கா."

"வெயில்ல காயறதுக்கும் காசு குடுக்கறாங்க, அதை மறைக்க எனக்கும் குடுக்கறாங்க. நல்லா இருக்கட்டும்." கப்பலேறிய பின் அவர் அடித்த முதல் வேடிக்கை அதுதான். ஆனாலும் அன்றிரவு அறைக்குத் திரும்பியவர், தன் கையால் தைத்த திரையை மூடவில்லை. கரை வருகிற பக்கம் அதுதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நாலாம் நாள் காலை அந்தப் பாலம் கரையில் இறங்கியதும் முதல் ஆளாக நின்றது அக்கா. துணிப்பை தோளில் கனத்தது. வாசலுக்கு ஓடி ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டபடி இறங்கியவர், காவலாளியின் கூண்டருகே நின்றுவிட்டார். கூண்டின் நிழலில் தம்பி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை கூண்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மறுகையில் பேருந்துச் சீட்டு.

"நம்ம பழைய ரூட்லதான் வந்தேன்" என்றார் தம்பி. "நடுவுல ஒரு தடவை எறங்கி உக்காந்துட்டேன். அடுத்த வண்டில வந்தேன். ஓட்டுறவனுக்குப் பிரேக்கே போடத் தெரியல."

"சாப்பிட்டியாடா?"

"முட்டை வாங்கினேன். ஆறுல ரெண்டு ஒடைஞ்சது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

தம்பியின் சட்டை அப்போதுதான் அக்காவின் கண்ணில் பட்டது. முதல் பொத்தான் இரண்டாவது துளையில் மாட்டி, கடைசிவரை எல்லாம் ஒரு படி இறங்கி, கழுத்துப் பக்கம் ஒரு முனை காதை நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையோடுதான் இரண்டு பேருந்து மாறி ஊரைக் கடந்து வந்திருக்கிறார்.

அக்காவின் கை தானாகவே அந்தக் கழுத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு தன் தோளுக்கே திரும்பி, துணிப்பையைக் கழற்றித் தம்பியிடம் நீட்டியது.