பிரேக் மிதிக்கிற கால்

கடலூர்–சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவன் நான். இப்போது ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

புதுச்சத்திரத்தில் நின்ற வண்டி

அன்று முகூர்த்த நாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வலது கால் கட்டைவிரலில் லேசான குத்தல்தான் இருந்தது. இரண்டாவது டிரிப்பில் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் விரல் சிவந்து வீங்கிவிட்டது. பேன்ட் துணி பட்டாலே உயிர் போனது.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், புல்லுக்கட்டோடு ஒருவர் டிவிஎஸ் வண்டியில் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். வலியில் கால் தானாகவே பின்வாங்கியது. உடனே குதிகாலால் அழுத்தினேன். கையெட்டும் தூரத்தில் பஸ் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கண்டக்டர் சேகர் முன்னால் ஓடி வந்தான். "என்னா மாமா, பிரேக்கு லேட்டாச்சு?"

"கால் கேக்க மாட்டேங்குது சேகர். இனிமே ஒரு அடி ஓட்ட மாட்டேன். எல்லாரையும் பின்னாடி வர்ற வண்டியில ஏத்திவுடு."

ஓரம் கட்டினேன். சீர்வரிசைத் தட்டோடு நின்ற ஓர் அம்மா, "தாலி கட்டுற நேரம் போயிடும்யா! கால் வலிக்கெல்லாமா வண்டிய நிறுத்துவாங்க?" என்று கத்தினார். பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "சரக்கடிச்சிட்டு வந்திருப்பான்" என்றது. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். விரலைவிட அதுதான் அதிகம் வலித்தது.

முதலாளி போனில், "நீ நடுரோட்டுல எறக்கிவுட்டது பாசஞ்சர இல்ல ராஜேந்திரா, எம் பேர! கால் சரியாவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவர் திரும்பக் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா

டாக்டரம்மா விரலைத் தொடவில்லை, பார்த்ததுமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை எடுத்தார். கிட்னியையும் பார்த்துவிட்டு, "இது கவுட். யூரிக் ஆசிட் ஜாஸ்தியாகி மூட்டுல உப்பு மாதிரி படிஞ்சிருக்கு" என்றார்.

"நான் குடிக்கவே மாட்டேனே டாக்டர்."

"குடிக்காதவங்களுக்கும் வரும். உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

இருந்தது. வாதம் என்று சொல்லித் தைலம் தேய்த்தே காலம் தள்ளினார் அவர்.

"டூட்டில எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

ரொம்பக் கம்மி என்றேன். பஸ் நிற்கிற நேரத்தில் எங்கே போய் ஒதுங்குவது? அந்தப் பயத்தில் நாங்கள் தொண்டையை நனைப்பதோடு சரி. அது முதலில் மாற வேண்டும் என்றார். ஈரல், நெத்திலிக் கருவாடு, இறால் எல்லாம் குறைக்கச் சொன்னார். என் மனைவி செல்வி தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். "எங்கப்பா வூட்டு மீனா இவரு காலை வீங்க வெச்சுது?" என்று அவளுக்கு முகம் வாடியது.

"மீன் மேல மட்டும் பழி போடாதீங்கம்மா. வீக்கம் வத்தினதும் தெனமும் ஒரு மாத்திரை எழுதித் தருவேன். அத விடாம போடறதுதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

வீக்கம் வற்றியது. தினசரி மாத்திரையை ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே கணுக்காலில் மறுபடி வந்தது. பார்க்க வந்த சேகர் கொதித்தான். "மாத்திரை போட்ட பெறவுதான் ஜாஸ்தியாவுது. தூக்கிப் போடு மாமா!"

எனக்கும் கை அந்த அட்டையைத் தூக்கி எறியத்தான் போனது. செல்விதான் போனை நீட்டினாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "நிறுத்திடாதீங்க. படிஞ்ச உப்பு கரையும்போது இப்படித் தொந்தரவு வரும். அதுக்கும் மருந்து இருக்கு, வந்து வாங்கிக்கோங்க. மெடிக்கல்ல நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, கிட்னிக்கு ஆவாது."

நிறுத்தவில்லை. பிறகு அப்படி வருவது குறைந்துகொண்டே போய், ஒருநாள் நின்றேவிட்டது.

முதலாளி வந்த நாள்

வேலை போய்விட்டது என்றே நினைத்து, ஆட்டோ ஓட்டலாமா என்று செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது முதலாளியே வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"டிவிஎஸ்காரன் குறுக்க வந்தத, நூலெழையில தப்பிச்சத சேகர் இப்பதான் சொன்னான். அன்னிக்கு நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மொதலாளி."

"மறுபடி கால்வலி வந்துச்சுன்னா?"

"டூட்டிக்கு முன்னாடி வந்தா லீவு சொல்லிடுவேன். ரோட்டுல வந்தா மறுபடியும் நிறுத்துவேன்."

காபியைக் குடித்து முடித்தார். "நாளைக்குக் காலைல மொத டிரிப்பு உன்னுது. நேரத்துக்கு வந்துடு" என்று எழுந்துபோனார்.

அதன்பிறகு பல வருடம் ஓட்டினேன். வலியே இல்லாத நாளிலும் மாத்திரை போட்டேன், இன்றும் போடுகிறேன். "நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று ஸ்டாண்டில் கேட்பார்கள். அதைப் போடுவதால்தான் நன்றாக இருக்கிறேன் என்பேன். தம்பிகளே, தண்ணீர் குடியுங்கள். கால் சொன்ன பேச்சு கேட்காத அன்று, யார் என்ன கத்தினாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.