கல்யாண ஹாலில் ஒரு கொலைப் பாட்டு

சம்பந்திச் சண்டை என்றால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் போடுவதுதானே? எனக்கு வாய்த்த சம்பந்திகள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். அதுவும் மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு... கல்யாண ரிசெப்ஷனுக்கு ஒரே வாரம் இருக்கும்போது!

மாப்பிள்ளை கானரின் அப்பா பிரெண்டன், அயர்லாந்துக்காரர். அம்மா லொரெய்ன், அமெரிக்காவின் மலைப்பக்கத்துக்காரர். அவர் கையில் பிடில், அம்மையார் கையில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம். ரிசெப்ஷனில் தங்கள் வீட்டுப் பழைய நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடப்போகிறோம் என்று ஒத்திகைக்கு வந்திருந்தார்கள்.

மெட்டு என்றால் அப்படியொரு மெட்டு! கண்ணை மூடித் தலையாட்டினேன். இங்கிலீஷ் பாட்டில் வார்த்தைகளை யார் கவனிக்கிறார்கள்?

இரண்டாவது சரணத்தில் வந்தது வினை. அவர் ஒன்றைப் பாட, அம்மையார் வேறொன்றைப் பாட...

"அது தப்பு," என்றார் பிரெண்டன். "இது எங்கள் பாட்டு. எங்கள் ஆட்கள்தான் கப்பலில் உங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள்."

"கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்தும் போனீர்கள். காப்பாற்றி வைத்தது நாங்கள். உன் அப்பாவே இதை அமெரிக்க ரெக்கார்ட் கேட்டுத்தான் பாடம் பண்ணினார்!"

லொரெய்ன் பான்ஜோவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "அவர் பாடுவதுதான் சரி என்றால் நான் ஹாலுக்கே வரமாட்டேன்."

கானர் தலையில் கை வைத்துக்கொண்டான். என் மகள் மீராவின் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளையின் அம்மா வராத ரிசெப்ஷனா? மொன்ட்ரியால் தமிழ்ச் சனம் அடுத்த பத்துக் கல்யாணங்களிலும் அதைத்தானே பேசும்!

"ஆளுக்கு ஒரு தடவை பாடுங்களேன்," என்றேன். யார் முதலில் என்று அடுத்த சண்டை தொடங்கியது.

அப்போதுதான் மட்டன் ரோல்ஸ் தட்டோடு என் மனைவி சாந்தி வந்தாள். "இஞ்சேருங்கோ, உந்தப் பாட்டிலை என்னதான் நடக்குது எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

கேட்டேன். "ஒருவன் தன் காதலியை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறான்," என்றார் பிரெண்டன். "அங்கே அவள் மூழ்கிச் செத்துப்போகிறாள்."

"எங்கள் பாட்டில் மூழ்க மாட்டாள்," என்றார் லொரெய்ன் பெருமையாக. சாந்தி நிம்மதியாக மூச்சுவிட்டாள். "அவன் கத்தியால் குத்திவிடுவான்."

தட்டு மேசையில் 'டொக்'கென்று இறங்கியது. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை செத்தவீட்டுப் பாட்டோ? இவைக்கென்ன விசரோ?"

"சந்தர்ப்பம் கொஞ்சம் பொருத்தமில்லை என்று என் மனைவி நினைக்கிறாள்," என்று மொழிபெயர்த்தேன். மீரா சும்மா இருப்பாளா? ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டாள்.

அந்த நிமிடமே கணவனும் மனைவியும் ஒரு கட்சி! "இது காதல் பாட்டு. எங்கள் இரண்டு வீட்டுக் கல்யாணங்களிலும் பாடுவதுதான்," என்றார்கள். செத்தால்தான் காதலா?

சாந்தி அசையவில்லை. "பாடட்டும். ஆனா அந்தப் பெட்டை சாகக் கூடாது."

"பாரம்பரியத்தில் கை வைக்க முடியாது," என்றார் பிரெண்டன்.

"அப்ப தண்ணியிலை செத்தவளைக் கத்தியாலை குத்த ஆர் பெர்மிஷன் குடுத்தது?"

மீரா அதையும் மொழிபெயர்த்தாள். லொரெய்ன்தான் முதலில் சிரித்தார். பான்ஜோ வெளியே வந்தது. நாட்டுப்பாடல் கடல் தாண்டினால் வார்த்தை மாறும் என்று அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். மாற்றுவது யார்? ரோல்ஸ் தட்டோடு வந்த யாரோ ஒரு அம்மாவாகத்தான் இருக்கும்.

தட்டு காலியாவதற்குள் புதுச் சரணம் ரெடி. பெண் ஆற்றங்கரைக்கு வருகிறாள். அவன் முழியைப் பார்க்கிறாள். முழி சரியில்லை. திரும்பி நடந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

சென்ற சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பாடினார்கள். நம் சனம் ஒரு சொல்லும் புரியாமல் கைதட்டித் தாளம் போட்டது. மீரா சிரித்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது — சொல்வதற்கு என்ன வெட்கம்?

பாட்டு முடிந்ததும், அயர்லாந்திலிருந்து வந்திருந்த பிரெண்டனின் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் அசல். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இப்படியேதான் பாடுவோம். அமெரிக்கர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்."

"பஸ் கூடவா?" என்றேன்.

"பஸ்தான் முக்கியம்," என்றார்.