மாமனார் பேரில் ஒரு மருமகள்

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிறேன். மாமனார் பக்கத்துக் கடையில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குகிறார். அது இல்லாமல் நான் ஜெர்மனிக்குத் திரும்பினால் விமானமே கிளம்பாது என்பது அவர் எண்ணம்.

"யாரு வீட்டு மருமவ தாயி?" என்கிறார் டீக்கடை அண்ணாச்சி.

"அந்தா சிப்ஸ் வாங்குதாவல்லா, அவிய மருமவ. ஜெர்மனில இருக்கேன்."

"அவிய பேரு?"

சிரித்து மழுப்புகிறேன். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று கல்யாணமான அன்றே மாமியார் சட்டம் போட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"சீமைக்குப் போயும் மரியாதய விடலியே."

எங்கே விட முடிகிறது? ஜெர்மனியில் குடும்பப் பேர் என்று ஒன்று கட்டாயம் வேண்டும். என் புருஷன் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பேர் இருந்தது. அதையே எடுத்து எனக்கும் மாட்டிவிட்டார்கள். தங்கபுஷ்பம் என்று எனக்கொரு பேர் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் நான் திருமதி சுடலைமுத்து. போனை எடுத்தால் ஹலோ என்றுகூடச் சொல்வதில்லை, குடும்பப் பேரைத்தான் சொல்ல வேண்டும். அது அந்த ஊர் மரியாதை.

என் போன் அடிக்கிறது. ஜெர்மனி நம்பர். பஸ் ஹாரன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் கத்துகிறேன்.

"சுடலைமுத்து."

அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நிற்கிறது.

சிப்ஸ் பொட்டலத்தோடு மாமனார் ஓடி வருகிறார்.

"கூப்பிட்டியாம்மா?"