மேய்க்கால் வழியே ஒரு லாரி ரோடு

மஞ்சுவுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வார்டு உறுப்பினராக ஜெயித்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. சாப்பிடும்போது லாரிச் சத்தம் கேட்டால் தட்டோடு தெருவுக்கு வந்துவிடுவாள்.

ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் அது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் சிமெண்ட் ஆலைக்குப் போக ஊர் நடுவே இருந்தது ஒரே ரோடு. அதில்தான் பள்ளிக்கூடமும். அந்த டிப்பர்களில் ஒன்றை ஓட்டுபவன் அவள் புருஷன் வீரமணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய டிப்பர் ஒன்று பள்ளிக்கூடச் சுவரை அப்படியே சாய்த்துவிட்டது. லீவு நாள் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. மஞ்சு ஓடிவந்து பார்த்துவிட்டு நேரே வீரமணியிடம் போனாள்.

"அந்த வண்டிய நீங்க ஓட்டலதான?"

"நான் இல்ல. ஆனா நானா இருந்தாலும் அங்கதான் ஒதுங்கியிருப்பேன். வேற எங்க எடம் இருக்கு?"

அந்தப் பதில் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாளே அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனாள். அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனாள். கடைசியில் ஒரு அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே கேட்க, அவர் சொன்னார்:

"லாரிக்குத் தனி ரோடு போடலாம்மா. ஒங்க ஊரு மேய்க்கால் பொறம்போக்கு வழியாத்தான் போடணும். அந்த நெலத்த ரோடுன்னு வகை மாத்தணும்னா மொதல்ல ஊராட்சி தீர்மானம் வேணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு மேய்க்கால் நினைப்பாகவே இருந்தது. மேய்க்கால் என்பது ஆடு மாடு மேய ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம். காணி வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாவிட்டாலும் நடக்கும். அவள் தெருக்காரர்களுக்கு அது ஒன்றுதான். வீரமணியின் சின்னம்மா ஆண்டாயி, புருஷன் போன பிறகு ஆடுகளை வைத்தே பிழைக்கிறவள்.

கிராமசபைக்கு முன்னால் மஞ்சு அவள் வீட்டுக்குப் போனாள்.

"ரோடு நடுவுல போனா ஆடு எப்படிடி அந்தாண்ட போவும்? தண்ணி அங்கதான கெடக்கு?" என்றாள் ஆண்டாயி.

"ரோட்டுக்கு அடியில பாலம் வச்சாத்தான் எடம் குடுப்போம்னு தீர்மானத்துலயே எழுதறேன் அத்தை."

"எழுதறது நீ. கட்டறது யாரு?"



கிராமசபையில் கூச்சல். நில வகை மாறினால் அடுத்து சுரங்கத்துக்கும் கேட்பார்கள் என்றார் ஊர்ப் பெரியவர் செல்லதுரை. பிள்ளைகள் செத்த பிறகுதான் ரோடு வருமா என்று பெண்கள் எழுந்தார்கள். பாலத்தோடு சேர்த்தே தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்துப் போடும்போது மஞ்சு ஆண்டாயி பக்கம் திரும்பவில்லை.

ரோடு வந்தது. டிப்பர்கள் ஊரைவிட்டு விலகின. பாலம் மட்டும் வரவில்லை. பிளானில் அது விட்டுப்போயிருந்தது. கேட்டபோது, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். முதல் மழைக்காலத்திலேயே ஆண்டாயியின் சினையாடு ஒன்று டிப்பரில் அடிபட்டது. அதன்பிறகு தெருவில் மஞ்சு எதிரே வந்தால் ஆண்டாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஊராட்சியின் பதவிக்காலமும் முடிந்து, அதை நடத்தத் தனி அலுவலர் வந்துவிட்டார். பாலத்துக்காகத் திங்கள்தோறும் மனுவோடு போவதை மட்டும் மஞ்சு விடவில்லை. "அதான் பதவி போயிடுச்சே, இன்னும் எதுக்கு அலையற?" என்றான் வீரமணி.

"பதவி இல்லன்னா கையெழுத்துப் போட்டது இல்லேன்னு ஆயிடுமா?"

அடுத்த திங்கட்கிழமை வீரமணி வண்டியை எடுக்காமல் அவளோடு கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் ஆண்டாயி நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல அதே பஸ்ஸில் ஏறினாள். கலெக்டர் முன்னால், மஞ்சு தீர்மானத்தின் நகலை நீட்ட, வீரமணி சொன்னான்: "அந்த ரோட்டுல லாரி ஓட்டறவன் சார் நான். ஆடு குறுக்க வந்தா என்னால நிறுத்த முடியாது." ஆண்டாயி தன் ஆடு செத்ததைச் சொன்னாள்.

அந்த வருஷமே பாலத்துக்கு உத்தரவு வந்தது. ரோட்டை வெட்டி வேலை நடந்தவரை டிப்பர்கள் மறுபடி ஊர் வழியே போயின. மஞ்சு தினமும் பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளைகளைக் கைபிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாள்.

பாலம் திறந்ததும் ஆண்டாயி ஆடுகளை ஓட்டி வந்தாள். தலைக்கு மேலே டிப்பர் போகும் அதிர்வில் அவை மிரண்டு நின்றன. பிறகு கிடா நுழைய, மற்றவை பின்னால் போயின. ஆண்டாயி அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் நின்றிருந்த மஞ்சுவுக்குக் குரல் கொடுத்தாள்.

"மஞ்சு, இங்க பள்ளமால்ல இருக்கு? மழ பேஞ்சா தண்ணி நிக்குமேடி!"

வெகுநாள் கழித்து ஆண்டாயி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது மஞ்சுவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் மஞ்சு குனிந்து பாலத்துக்குள் பாதித் தூரம் போயிருந்தாள். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.