பவுன் முத்திரை குத்தாத நானூறு விளக்குகள்

நானூறு விளக்குகள். பவுன் ஒப்புதல் முத்திரை குத்தினால் அவை கப்பல் ஏறும். குத்தாவிட்டால் பவுனின் வேலை போகும்.

பவுனுக்கு வயது நாற்பத்து மூன்று. வீடு புனேயின் போபோடியில், வேலை பக்கத்துத் தளேகாவ் ஆலை ஒன்றில், தரச் சோதனை. கடலில் விழுந்தவர்கள் மிதப்பதற்கான லைஃப் ஜாக்கெட்டில் பொருத்தும் சிறு விளக்குகளை அவர் சோதிக்கிறார். உப்புநீர் பட்டதும் தானே எரியும் விளக்கு. எட்டு மணி நேரம் எரிய வேண்டும். காலை எட்டு மணிக்குப் பத்து விளக்குகளை உப்புநீர் வாளியில் போடுவார். மாலை நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடியும்போதும் பத்தும் எரிந்தால்தான் முத்திரை.

இந்த நானூறும் அண்டை நாட்டுக் கடலோரக் காவல் படைக்கு. இரு நாடுகளும் தூதர்களைத் திருப்பி அழைத்துவிட்டன. விசா கிடையாது, கிரிக்கெட் கிடையாது. கடலில் காணாமல் போனவர்களைச் சேர்ந்து தேடும் ஒப்பந்தத்தை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. விளக்குகள் அதன்படிதான் போகின்றன.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கே ஏழு விளக்குகள் அணைந்துவிட்டன. ஷிஃப்ட் பொறுப்பாளர் பரமசிவம் வந்து நின்றார்.

“குத்திடு பவுனு. வெள்ளிக்கிழமை வண்டி.”

“ஆறு மணி நேரத்துல அவிஞ்சிபோச்சிண்ணா.”

“அவனுங்களுக்குத்தான போவுது? நம்மள மொறைச்சிக்கினு கீறானுங்க. எவன் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணப்போறான்?”

“தண்ணில கெடக்கறவன் வந்து பண்ண மாட்டான். அதுக்குத்தான் நான் கீறேன்.”

“பெரிய வக்கீலு! சாஹேப் கேட்டா இன்னா சொல்லட்டும்?”

“வாளியோட வரேன்னு சொல்லுண்ணா.”

சொன்னபடியே பவுன் போகவும் செய்தார். மேலாளர் சுனிலின் மேஜையில் வாளியை வைத்தார். தளும்பிய நீரில் ஃபைல்கள் நனைந்தன. இந்தியில் ஒரே கேள்வி: “இதை மாட்டிக்கிட்டு நீங்க கடல்ல குதிப்பீங்களா, சாஹேப்?”

சுனில் முத்திரையைக் கேட்டார். பவுன் கொடுக்கவில்லை. அந்த விளக்குக்கு அங்கீகாரம் பெற்ற சோதகர் அவர் ஒருவர்தான். வேறு கை குத்தினால் செல்லாது.

மாலையே பணியிடைநீக்கக் கடிதம் வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் இடத்தில் ‘பத்தில் ஏழு அணைந்தன’ என்று எழுதி, அதற்குக் கீழே பவுன் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த லாரி காலியாகத் திரும்பியது. பவுன் மீதான விசாரணை வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு.